செல்லாயியை ஸ்டோரிலிருந்து எடுத்துக் கொடுங்கள்

பாலர் பள்ளி நிர்வாகக் குழுத் தலைவர் ஐயாவுக்கும் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

மார்ச் மாதக் கூட்டத்தில் நீங்கள் எடுத்த இரண்டு முடிவுகளைப் பற்றி எழுதுகிறேன். வகுப்பின் பின்பக்கம், செல்லாயி என்ற துணிப் பொம்மையை வைத்துப் பிள்ளைகள் வீடு விளையாடிய வீட்டு மூலையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எழுத்துப் பயிற்சிக்கு இரண்டு மேசை போடச் சொன்னீர்கள். பிள்ளைகளைக் காலை 10 மணி ஓய்வுக்கும், 12 மணிக்கு வீட்டுக்குக் கிளம்பும்போதும் மட்டுமே கழிப்பறைக்கு விடவேண்டும் என்று விதி போட்டீர்கள். பொம்மை விளையாட்டு அசிங்கம், பிள்ளைகள் சீக்கிரம் எழுத்துக் கூட்டிப் படிக்கவேண்டும், கேட்டபோதெல்லாம் விட்டால் வகுப்பு கலைகிறது என்பவை நீங்கள் சொன்ன காரணங்கள். இவை இரண்டும் வேறு வேறு விஷயம் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். பிள்ளைகள் தங்கள் உடம்பு என்ன சொல்கிறது என்று கேட்கப் பழகிய இடம் அந்த மூலைதான். அதை எடுத்துவிட்டு, இனிமேல் உடம்பு சொன்னாலும் கேட்காதே என்றும் சொல்லிவிட்டீர்கள். இதை என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

அந்த வகுப்பில் 13 ஆண்டு உதவியாளராக இருந்தேன். போன ஆண்டுதான் நின்றேன். இப்போது என் ஐந்து வயதுப் பேத்தி அங்கே படிக்கிறாள். கூட்டத்தில் இரண்டு நிமிடம் பேச அனுமதி கேட்டேன். நிகழ்ச்சி நிரலில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதனால் ஊரறிய எழுதவேண்டி வந்தது.

என் வீட்டில் நடந்ததை முதலில் சொல்கிறேன். புது விதி வந்து மூன்றாவது வாரம். வேன் 12.30க்கு வந்து நின்றது. என் பேத்தி எப்போதும் குதித்து இறங்கி, சப்பாத்தைத் திசைக்கொன்றாக உதறிவிட்டு ஓடிவருவாள். அன்றைக்குக் கால்கள் இரண்டையும் ஒட்டி வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல நடந்து வந்தாள். வாசல் திண்ணையான அஞ்சடியில் ஏறியதும் சட்டென்று குந்தி, ஒரு குதிகாலை அடியில் கொடுத்து அழுத்திக்கொண்டாள். கிட்டே போய்ப் பார்த்தால், கவுன் ஏற்கெனவே ஒருமுறை நனைந்து, காய்ந்து, ஓரத்தில் வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. அவள் அழவில்லை. "பாட்டி, நான் தண்ணியே குடிக்கல. அப்படியும் வந்துருச்சு" என்றாள்.

பையைத் திறந்தேன். காலை ஏழு மணிக்கு நான் கழுத்து வரைக்கும் நிரப்பிக் கொடுத்த தண்ணீர்ப் போத்தல் அப்படியே இருந்தது. நம் சுங்கை சிப்புட் ஊர் வெயில் உங்களுக்குத் தெரியாததல்ல. தகரக் கூரை மண்டபம், இரண்டே மின்விசிறி. அதற்குள் நான்கு மணி நேரம் அந்தப் பிள்ளை ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறாள். உங்கள் விதியைச் சமாளிக்க அவளாகவே கண்டுபிடித்த வழி அது.

அடுத்த வாரம் வயிற்றுவலி வந்தது. ஒண்ணுக்குப் போனால் எரிகிறது என்று துடித்தாள். அரசாங்க கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, "கடைசியா எப்போ வெளிக்கிப் போனா?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. சிறுநீரில் கிருமித் தொற்று. குடலில் மலம் இறுகிக் கிடந்தது. மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, பிள்ளைக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது விடுங்கள் என்றுதான் டாக்டர் முதலில் சொன்னார்.

ஒரு பிள்ளைக்கு வந்ததை வைத்து எல்லோரையும் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். நம் வேன் அண்ணனைக் கேட்டுப் பாருங்கள். பின் இருக்கைகளில் பிளாஸ்டிக் விரிப்புப் போட்டிருக்கிறார். போன ஆண்டு அது இல்லை.

ஒரு பிள்ளையின் சிறுநீர்ப்பை எவ்வளவு பிடிக்கும் என்பதற்கு மருத்துவர்கள் ஓர் எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள். வயதோடு ஒன்றைக் கூட்டி 30ஆல் பெருக்கவேண்டும். ஐந்து வயதுக்கு 180 மில்லி லிட்டர். கடையில் விற்கும் சின்னப் பால் பெட்டியே 200 மில்லி. காலையில் ஒரு கோப்பை மைலோ சாக்லேட் பானம் குடித்துவிட்டு வரும் பிள்ளையைப் பத்து மணி வரைக்கும் அடக்கு என்று சொல்லும்போது இந்த அளவை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

அந்தச் சின்னப் பை நிரம்ப நிரம்ப அதன் சுவர் விரிகிறது. விரிவதை உணரும் நரம்புகள் முதுகுத்தண்டு வழியாக மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. முதலில் வரும் செய்தி மிக மெல்லியது. விளையாட்டில் மூழ்கிய பிள்ளைக்கு அது உறைப்பதே இல்லை. கவனிக்காமல் விட்டால் கொஞ்ச நேரம் அடங்கிப்போய், பிறகு ஒரேயடியாக முடுக்கிக்கொண்டு வரும். "இப்பதானே போய்ட்டு வந்தே, அதுக்குள்ள என்ன?" என்று நாம் அதட்டுவதும், அது நனைத்துக்கொண்டு நிற்பதும் அப்போதுதான். வெளிக்குப் போவதை அடக்கினால் இன்னும் மோசம். உள்ளே தங்கும் மலத்திலிருந்து குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மலம் இறுகும், போகும்போது வலிக்கும். வலித்ததால் பயம், பயத்தால் மறுபடியும் அடக்குவது. நாள்பட்டால் மலக்குடல் விரிந்து கொடுத்து, நிரம்பியிருக்கிறது என்ற உணர்வே மங்கிவிடும். நிரம்பிய மலக்குடல் பக்கத்தில் இருக்கும் சிறுநீர்ப்பையையும் அழுத்தும். என் பேத்திக்கு இரண்டு தொல்லையும் ஒன்றாக வந்தது இப்படித்தான் என்று டாக்டர் விளக்கினார்.

அவள் குதிகாலை அடியில் கொடுத்துக் குந்தினாள் என்றேனே, அதைப் பிள்ளைகள் யாரும் சொல்லிக் கொடுத்துச் செய்வதில்லை. 1966இல் வின்சென்ட் என்ற மருத்துவர் அதைக் கவனித்து மருத்துவ இதழில் எழுதினார். இன்றும் அவர் பெயரைச் சொல்லித்தான் அதைக் குறிப்பிடுகிறார்கள். வகுப்பில் ஒரு பிள்ளை அப்படி உட்கார்ந்தால் நம் வாயில் என்ன வருகிறது? "ஆடாதே, ஒழுங்கா உட்காரு." நானும் பல ஆண்டு அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். செல்லாயி வந்த பிறகுதான் எனக்கே கண் திறந்தது.

செல்லாயி யார் என்று உங்களில் சிலருக்குத் தெரியாது. வீட்டு மூலையோடு சேர்த்து மூட்டை கட்டி ஸ்டோரில் போட்டீர்களே, அதில் ஒரு துணிப் பொம்மை இருக்கிறது, அதுதான். என் பழைய கைலியைக் கிழித்துத் தைத்தேன். தலைக்குக் கறுப்பு உல்லன் நூல். வயிற்றில் ஒரு ஜிப்பு, உள்ளே ஒரு பை. பிள்ளைகள் செல்லாயிக்கு மைலோ கொடுப்பார்கள், தண்ணீர் கொடுப்பார்கள். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு கரண்டி பச்சைப்பயறு வயிற்றுக்குள் போகும். அப்புறம் எல்லோரும் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார்கள். "மெத்துனு இருக்கு டீச்சர்." இன்னும் நான்கு கரண்டி. "கொஞ்சம் டைட்டா இருக்கு." இன்னும் நான்கு. "கல்லு மாரி ஆயிருச்சு, பாவம், அவளுக்கு முடுக்குது!" யார் கூட்டிக்கொண்டு போவது என்று சண்டை நடக்கும். ஒரு பிள்ளை தூக்கிப் போய்ப் பழைய மைலோ டின்மேல் உட்காரவைத்து ஜிப்பைத் திறக்கும். பயறு சலசலவென்று டின்னில் கொட்டும். திரும்பவும் எல்லாக் கையும் வயிற்றைத் தொடும். இப்போது தொளதொளவென்று இருக்கும். எல்லோரும் சேர்ந்து, "அப்பாடா!" என்பார்கள்.

அந்த "அப்பாடா" என் வாயில் தற்செயலாக வந்தது. பிள்ளைகள்தான் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு பார்த்தால், கழிப்பறையிலிருந்து வரும் பிள்ளை தன் வயிற்றையே தொட்டுப் பார்த்து "அப்பாடா" என்று சொல்லிக்கொண்டே வருகிறது. அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு ஒன்று புரிந்தது. வலிக்குது, பசிக்குது என்ற சொற்களை நாம் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுகிறோம். சரியாகிவிட்டது, இலேசாகிவிட்டது என்பதற்குச் சொல் கொடுப்பதில்லை. போய்விட்டு வந்ததும் இலேசாக இருப்பதைக் கவனிக்கிற பிள்ளைதான், முன்பு இருந்த தொல்லை எதனால் வந்தது என்று சேர்த்துப் பார்க்கும். அடுத்த முறை கொஞ்சம் முன்னாலேயே எழுந்திருக்கும்.

செல்லாயிக்குப் பசி வரும், தூக்கம் வரும், புழுக்கம் தாங்காது, சில நாள் பயமும் வரும். "செல்லாயி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கா, அவளுக்கு என்ன?" என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்பார்கள். விசிறிவிடுவார்கள், படுக்கவைப்பார்கள், சோறு ஊட்டுவார்கள். எப்போது பார்த்தாலும் வயிற்றுவலி என்று அழும் ஒரு பெண் பிள்ளை இருந்தாள். நான் தைலம் தடவி உட்காரவைப்பேன், வேறு என்ன செய்வது என்று தெரியாது. ஆறு மாதம் செல்லாயியோடு விளையாடிய பிறகு ஒருநாள் என்னிடம் வந்து, "டீச்சர், வயிறு வலிக்குது. பசி இல்ல. கக்காவும் இல்ல. அம்மா வருவாங்களான்னு இருக்கு" என்றாள். அவள் அம்மா அந்த வாரம்தான் ஈப்போவில் தொழிற்சாலை வேலைக்குச் சேர்ந்திருந்தார். இதை எந்தப் பயிற்சித் தாளில் எழுதிச் சொல்லிக் கொடுப்பீர்கள்?

இன்னொரு பையன். அவன் பெயரைச் சொல்லமாட்டேன், இப்போது தொடக்கப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். வகுப்பில் வாயே திறக்கமாட்டான். தினமும் நனைத்துவிடுவான், நனைத்ததையும் சொல்லமாட்டான், சுவரோரம் போய் நின்றுகொள்வான். மற்ற பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள். அவன் செல்லாயியோடு விளையாடவும் மாட்டான், தூரத்தில் நின்று பார்ப்பான், அவ்வளவுதான். ஒருநாள் நான் குனிந்து வண்ணப் பென்சில் சீவிக்கொண்டிருந்தபோது என் சட்டை முனையை யாரோ இழுத்தார்கள். திரும்பினால் இவன். செல்லாயியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருக்கிறான். "டீச்சர், செல்லாயிக்கு ஒண்ணுக்கு வருது" என்றான், குரல் காற்றாகத்தான் வந்தது. பொம்மையின் வயிற்றைத் தொட்டேன். பயறே இல்லை, காலியாக இருந்தது. அவன் கால்களைப் பார்த்தேன், பின்னிக்கொண்டிருந்தன. "வா, அவளைக் கூட்டிட்டுப் போலாம்" என்று மூன்று பேரும் போனோம். அன்றைக்கு அவன் நனைக்கவில்லை. ஒரு மாதம் செல்லாயிக்குத்தான் வந்துகொண்டிருந்தது. அதற்கப்புறம் "டீச்சர், எனக்கு" என்றான்.

இன்றைக்கு அந்த மூலை இருந்த இடத்தில் மேசை இருக்கிறது. இப்போது வகுப்பில் அவனைப்போல ஒரு பிள்ளை இருந்தால், யாருடைய பெயரைச் சொல்லிக் கேட்கும்?

இதை நான் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. 1970களில் நேதன் அஸ்ரின், ரிச்சர்ட் ஃபாக்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், தண்ணீர் குடித்துச் சிறுநீர் கழிக்கும் பொம்மை ஒன்றைப் பிள்ளையிடம் கொடுத்து, பொம்மைக்குப் பிள்ளையே சொல்லிக் கொடுப்பதுபோல் ஒரு பயிற்சிமுறை வைத்தார்கள். ஒரு பயிற்சிக்குப் போனபோது இதைக் கேள்விப்பட்டேன். கேட்டதும் என் பாட்டி நினைவுதான் வந்தது. பாட்டி ரப்பர்த் தோட்டத்தில், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டாயில் ஆயாவாக இருந்தவர். விடியுமுன் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகிறவர்கள் தூக்கக் கலக்கத்தோடு பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் பால்வெட்டப் போவார்கள். வரிசையாகச் சேலைத் தொட்டில். பாட்டிக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆனால் ரப்பர்க் கொட்டையைப் பிள்ளையாக்கி, சிரட்டையில் உட்காரவைத்து, "எம்புள்ள முக்குறான், எல்லாரும் சத்தம் போடாம இருங்க" என்பார். பிள்ளைகளும் ஆளுக்கொரு ரப்பர்க் கொட்டையைக் கொண்டுவந்து உட்காரவைக்கும். பிறகு பார்த்தால் பிள்ளைகளே வரிசையாகக் கால்வாய் ஓரம் உட்கார்ந்திருக்கும். நம்முடைய அம்மா அப்பாவெல்லாம் அப்படி வளர்ந்தவர்கள்தான். நீங்கள் அசிங்கம் என்று ஒதுக்கியது நம் தோட்டத்தில் பிறந்த விளையாட்டு.

அசிங்கம் என்ற சொல்லுக்கு வருகிறேன். விருந்தாளி முன்னால் மகள் பொம்மையைத் தூக்கிக்கொண்டு வந்து "இவளுக்குக் கக்கா வருது" என்று சொன்னதாக ஒரு தந்தை புகார் கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன். அந்தத் தந்தைக்குக் கூச்சமாக இருந்திருக்கும், அது எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் மகள் உடம்பில் நடப்பதை வீட்டில் பயமில்லாமல் சொல்லியிருக்கிறாள். அது நல்ல சேதி. இடுப்புக்குக் கீழே இருப்பதற்கெல்லாம் பெயரே இல்லை, பேசினால் அடி விழும் என்று வளரும் பிள்ளை, வலித்தாலும் சொல்லாது, யாராவது தொடக் கூடாத விதத்தில் தொட்டாலும் சொல்லாது. 2017இல் சிறார்மீதான பாலியல் குற்றங்களுக்கென்றே நம் மலேசிய நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். பிள்ளை வாய் திறந்து சொன்னால்தானே அந்தச் சட்டம் அதற்கு உதவும்?

முதலாம் ஆண்டுக்குப் போவதற்குள் எழுத்துக் கூட்டிப் படிக்கவேண்டும் என்று பெற்றோர் நெருக்குகிறார்கள் என்கிறீர்கள். அந்தக் கவலை எனக்கும் உண்டு, என் பேத்தியும்தான் போகப்போகிறாள். ஆனால் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் கீழ்ப் பாலர் பள்ளிகள் தேசியப் பாலர் பள்ளிக் கலைத்திட்டத்தைத்தான் நடத்தவேண்டும். அதன் 2017ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பு விளையாட்டு வழிக் கற்றலை வலியுறுத்தியது. ஐ.நா.வின் சிறார் உரிமை ஒப்பந்தத்தில் மலேசியா 1995இல் சேர்ந்தது. அதன் 31ஆவது பிரிவு பிள்ளைகளின் விளையாடும் உரிமையைச் சொல்கிறது. ஒண்ணுக்கை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் மூளையில் 'அ' ஏறாது என்பதற்கு இந்த ஆவணங்கள்கூட வேண்டாம். நீங்கள் இரண்டு மணி நேரக் கூட்டத்தில் எத்தனை முறை எழுந்து போகிறீர்கள் என்று பார்த்தால் போதும்.

உங்கள் வாதங்களில் ஒன்று மட்டும் நியாயமானது. 22 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியை, ஓர் உதவியாளர். கழிப்பறை மண்டபத்துக்குப் பின்னால், திறந்தவெளியைத் தாண்டி இருக்கிறது. ஒரு பிள்ளை கேட்டால் ஐந்து பிள்ளை கிளம்பும், வகுப்பே கலையும். உண்மைதான். அந்த உதவியாளராக நானே ஓடியிருக்கிறேன். எப்போது கேட்டாலும் விடுவார்கள் என்று தெரிந்த பிறகு, வேடிக்கைக்காகக் கிளம்புகிற பிள்ளைகள் தாமாகக் குறைந்துவிடும். எனக்கு ஒவ்வோர் ஆண்டும் வகுப்புத் தொடங்கியதும் இரண்டு மூன்று வாரம்தான் அந்தக் கஷ்டம் இருந்தது. பிள்ளைகள் அங்கே போகப் பயப்படுவதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன, அவற்றை நீங்கள் ஒரே நாளில் தீர்க்கலாம். உள்ளே பல்பு எரிவதில்லை. கதவுக் கொக்கி கழன்று தொங்குகிறது. பெரியவர்களுக்கு வைத்த குழி, சின்னக் கால்கள் அகலமாக எட்டாது, விழுந்துவிடுவோமோ என்று பிள்ளை நடுங்கிக்கொண்டே உட்காரும். அந்த நடுக்கத்தில் எதுவும் வராது. போகாமலே எழுந்து வந்துவிடும்.

நான் கேட்பது இவைதான். கழிப்பறைக்கு நேரம் குறித்த விதியை இந்த வாரமே எடுத்துவிடுங்கள். பிள்ளை எப்போது கேட்டாலும் உதவியாளரோடு போகலாம் என்று ஆசிரியைக்கு எழுத்தில் கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் அவர் தயங்குவார். மணிக்கொருமுறை எல்லாப் பிள்ளைகளும் தண்ணீர் குடிக்க நேரம் ஒதுக்குங்கள். நனைத்துவிட்ட பிள்ளையை வாசலில் நிறுத்திவைக்கும் பழக்கம் மறுபடியும் தலைகாட்டுகிறது என்று கேள்விப்படுகிறேன், அதை நிறுத்துங்கள். மாற்றுடை ஒன்றைப் பையில் வைத்து அனுப்பும்படி பெற்றோருக்குச் சொல்லுங்கள். கழிப்பறைக்குப் பல்பும் கொக்கியும் போட்டு, சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்து போக ஒரு பிளாஸ்டிக் கழிப்பு இருக்கையும் வாங்கிவையுங்கள். செலவு பெரிதில்லை, ஆண்டுவிழாப் பந்தல் கணக்கில் மிஞ்சிய வெள்ளியே போதும்.

வீட்டு மூலையைப் பழையபடி திறங்கள். மேசைகளைச் சன்னல் பக்கம் நகர்த்தினால் இரண்டுக்கும் இடம் இருக்கிறது, நான் அளந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். புகார் கொடுத்த தந்தை உட்பட எல்லாப் பெற்றோரையும் ஒரு சனிக்கிழமை கூப்பிடுங்கள். நான் சம்பளம் வாங்காமல் வந்து, பிள்ளைகள் செல்லாயியோடு எப்படி விளையாடுகிறார்கள் என்று அவர்கள் முன்னாலேயே காட்டுகிறேன். பார்த்த பிறகும் வேண்டாம் என்பவர்கள் காரணத்தைப் பிள்ளைகள் முன்னால் சொல்லட்டும்.

இந்த மடலுக்கு எழுத்தில் பதில் வேண்டும், அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன்பு.

ஸ்டோர்ச் சாவி செயலாளரிடம் இருக்கிறது. அந்த அறை மழைக்கு ஒழுகும், துணியில் பூசணம் பிடித்துவிடும். செல்லாயியையும் மைலோ டின்னையும் முதலில் எடுத்துக் கொடுங்கள். துவைத்து, வெயிலில் காயவைத்து, புதுப் பயறு போட்டு நானே வகுப்பில் கொண்டுவந்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
பாலர் வகுப்பின் முன்னாள் உதவியாளர், ஐந்து வயதுப் பிள்ளையின் பாட்டி
சுங்கை சிப்புட், பேராக்